சலூனில் காய்ந்த வெள்ளித்தாள்கள்

தீவா அக்காவை நான் முதலில் பார்த்தது குமாசியிலிருந்து டெச்சிமான் போகும் வேனில். மடியில் ஒரு கண்ணாடிப் புட்டியை வைத்து, பிறந்த குழந்தையைப் பிடிப்பதுபோல இரண்டு கையாலும் பிடித்திருந்தார். உள்ளே மஞ்சளாக ஏதோ ஆடிக்கொண்டிருந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பருமனான அம்மாள் வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டு வந்தார். ஊர் எல்லை தாண்டியதும் கேட்டேவிட்டார்.

"அது என்ன, ஜெப எண்ணெயா? எந்தப் பாஸ்டர் குடுத்தது?"

"எண்ணெய் இல்ல மாமே. வெள்ளி."

"வெள்ளி எங்கயாவது மஞ்சளா இருக்குமா?"

"ரொம்பப் பொடிசாக்கினா மஞ்சளாயிடும். கண்ணுக்கே தெரியாத பொடிசு. தண்ணியில மிதக்குது."

"அப்ப தங்கத்தைப் பொடிசாக்கினா?"

"சிவப்பாயிடும்."

"என்னைப் பொடிசாக்கினா?"

தீவா அக்கா அவரை மேலிருந்து கீழ்வரை ஒருமுறை பார்த்தார். "அதுக்கு இந்தப் பக்கம் உரல் இல்ல மாமே."

வேனே சிரித்தது. அந்த அம்மாள்தான் அதிகம் சிரித்தார். முன் சீட்டில் உப்புக்கருவாட்டுக் கூடையோடு இருந்த ஒருவர் என்ன விஷயம் என்று திரும்பினார். தீவா அக்கா அவரிடம் கூடையை அந்தப் பக்கம் வைத்துக்கொள்ளச் சொன்னார். ஏன் என்றார் அவர். உப்பு பட்டால் இந்த வெள்ளித் துகள்கள் ஒன்றையொன்று கட்டிக்கொள்ளும் என்றார் அக்கா.

"கட்டிக்கிட்டா நல்லதுதானே?" என்றார் கருவாட்டுக்காரர்.

"வீட்டுக்குப் போனப்புறம் கட்டிக்கட்டும். வழியில வேணாம்."

மறுபடி சிரிப்பு. அது அடங்கியதும், இதை வைத்து என்ன செய்வாய் என்று அந்த அம்மாள் கேட்டார். செம்பனை எண்ணெயில் சிவப்புச் சாயம் கலந்திருந்தால் கண்டுபிடிக்கத்தான் என்றார் தீவா அக்கா. இந்த வெள்ளியைத் தாளில் ஏற்றி, அதன்மேல் ஒரு சொட்டு எண்ணெய்ச்சத்து விட்டு, ஒளிக்கருவிக்குக் காட்டினால் தெரிந்துவிடுமாம். "வெறும் தாள்ல அந்தச் சாயம் முணுமுணுக்கும், யாருக்கும் கேக்காது. இந்த வெள்ளித் துகளுக்கு நடுவுல மாட்டிக்கிச்சுன்னா கத்தும்."

அந்த அம்மாளின் சிரிப்பு அங்கேயே நின்றது. சீட்டுக்கு அடியில் இருந்த மஞ்சள் கேனைக் குதிகாலால் மெல்ல உள்ளே தள்ளினார்.

"எல்லார் எண்ணெயும் கத்துமா?"

"கலக்காத எண்ணெய் ஏன் கத்தப்போகுது மாமே?"

அதன்பிறகு டெச்சிமான் வரும்வரை அந்த அம்மாள் ஜன்னலுக்கு வெளியே மழை வருமா என்று பார்த்துக்கொண்டிருந்தார். வானம் பளிச்சென்று இருந்தது.

அவர் பெயர் போமா. டெச்சிமான் சந்தையில் எண்ணெய் வரிசையில் பெரிய கடை. நான் யார் என்பதை இறங்கும்போதுதான் தீவா அக்காவிடம் சொன்னேன்: அவர் வேலை செய்யும் அதே எண்ணெய்ப் பரிசோதனை அறைக்கு, ஒளிக்கருவியைப் பார்த்துக்கொள்ள வந்தவள். வழி முழுக்கப் பின்சீட்டில் உட்கார்ந்துகொண்டு ஒரு வார்த்தை பேசவில்லையே என்றார். பேச எனக்கு இடமே கிடைக்கவில்லை என்பதை அப்போதும் நான் சொல்லவில்லை.

எங்கள் பரிசோதனை அறை சந்தைக்குப் பின்னால், முன்பு சேனைக்கிழங்கு அடுக்கிவைத்திருந்த இரண்டு அறைகளில் இருந்தது. மழை பெய்தால் இன்னும் கிழங்கு வாசம் வரும். தீவா அக்கா அதற்கு முன் சுன்யானியில் ஒரு பெண்கள் பள்ளியில் வேதியியல் கூடத்தைப் பார்த்துக்கொண்டவர். அங்கே பிள்ளைகள் உடைத்த கண்ணாடிக் குழாய்களைப் பற்றிச் சொல்லத் தொடங்கினால், இறந்துபோன உறவினர்களைச் சொல்வதுபோல ஒவ்வொன்றாகச் சொல்வார். கணவர் வடக்கே லாரி ஓட்டுபவர். வரும்போதெல்லாம் கினிக்கோழி கொண்டுவருவார், வந்த வேகத்தில் போய்விடுவார். "எங்க கல்யாணம் நீடிச்சு நிக்கிறதுக்குக் காரணமே வடக்குப் பக்கம் ரோடு மோசமா இருக்கிறதுதான்" என்பார் அக்கா. ஞாயிற்றுக்கிழமை தேவாலயப் பாடகர் குழுவில் கட்டைக்குரல். மற்ற நாட்களில் அதே குரல் எங்கள் அறையில்.

வெள்ளி உப்பு பட்டுப்பட்டு அவர் விரல் நுனிகள் கருத்திருக்கும். மருதாணியா என்று யாராவது கேட்டால் ஆமாம், எங்கள் ஊர் மருதாணி இப்படித்தான் என்பார். தெரியாது என்ற சொல்லை அவர் வாயிலிருந்து நான் கேட்டதில்லை. தெரியாத கேள்வி வந்தால் கேட்டவரிடமே ஒரு கேள்வி கேட்டுவிடுவார்.

தாள் செய்வது ஒரு சமையல் மாதிரிதான். ஆனால் சமையலறை வாசனை எதுவும் கிட்டே வரக்கூடாத சமையல். வடித்த தண்ணீரைக் கொதிக்கவைப்பார். வெள்ளி உப்பைக் கரைப்பார். பிறகு சிட்ரேட் கரைசலைச் சொட்டுச்சொட்டாக விட்டுக்கொண்டே கிளறுவார். தண்ணீர் மாதிரி இருப்பது எலுமிச்சைச் சாறு நிறமாகும், பிறகு கலங்கி, பச்சை கலந்த மஞ்சளாகும். அங்கே நிறுத்த வேண்டும். ஆறியபின் துளி உப்பு சேர்த்தால் துகள்கள் கூடி நெருங்கும். அதில் வடிதாள் துண்டுகளை ஊறவிட்டு, மின்சாரச் சூட்டடுப்பில் இளஞ்சூட்டில் காயவைத்து, வெளிச்சம் படாமல் அலுமினியத்தாளில் சுற்றிவைப்பார். காய்ந்த தாள் பார்க்க அழுக்குத் துணி மாதிரி இருக்கும். அதைக் கையில் கொடுத்தால் யாரும் தூரப் போட்டுவிடுவார்கள்.

குழாய்த்தண்ணீர் பட்டால் கெட்டது. பாக்கெட் தண்ணீர் பட்டாலும் கெட்டது. ஷியா வெண்ணெய் தடவிய கை, வெங்காயம் நறுக்கிய கை, சென்ட் அடித்த கழுத்து எதற்கும் உள்ளே அனுமதி இல்லை. வெள்ளி யார் வந்தாலும் இடம் கொடுக்கும், அதுதான் அதன் நல்ல குணமும் கெட்ட குணமும் என்பார். தாள் செய்யும் நாளில் அக்காவே வெங்காயம் இல்லாத குழம்பு சாப்பிட்டுவிட்டு வருவார். நாள் முழுக்க எரிச்சலாக இருப்பார்.

ஒரே ஒரு பலவீனம் அவருக்கு. சுருள்முடி. எங்கள் அம்மாக்கள் காலத்தில் எல்லோரும் வைத்திருந்தார்களே, லோஷன் போட்டுச் சுருட்டி, ஈரமாக மின்னும் அந்தச் சுருள். ஊரில் அதை விடாமல் வைத்திருந்தவர்களில் அக்காவும் ஒருவர். வேலை செய்யும்போது பிளாஸ்டிக் தொப்பிக்குள் தள்ளிவிடுவார். தொப்பியைக் கழற்றியதும் சூட்டடுப்பின் கண்ணாடிக் கதவில் முகம் பார்ப்பார்.

சந்தை நாட்களில் நாங்கள் மேசை போட்டு உட்காருவோம். ஒவ்வொரு கேனிலிருந்தும் ஒரு துளி எடுத்து, ஸ்பிரிட்டில் குலுக்கி, தெளிந்ததை அக்கா தாளில் விடுவார். காய்ந்ததும் நான் கருவியில் வைப்பேன். திரையில் மலை மாதிரி கோடுகள் எழும். சாயத்துக்கென்று சில மலைகள் உண்டு, அவை எழுந்தால் கேனில் சிவப்பு ஒட்டுத்தாள், எழாவிட்டால் பச்சை. திரையில் வருவது ஆங்கிலம், வரிசையில் நிற்பவர்களுக்கு வேண்டியது சந்தைப் பேச்சு. அந்த இரண்டுக்கும் நடுவில் நான் தயங்கிக்கொண்டிருப்பதற்குள் அக்கா கேன்மேல் ஒட்டி முடித்திருப்பார். சந்தை என் திரையை நம்பவில்லை. தீவா சொன்னதை நம்பியது. முன்பெல்லாம் வெளியூர்க் குழுக்கள் வந்து சோதனைக்குக் கொஞ்சம் எண்ணெய் எடுத்துப் போகும், முடிவு வரும்போது எண்ணெய் யார் வயிற்றிலோ ஜீரணமாகியிருக்கும். அக்கா நின்ற இடத்திலேயே சொன்னார், அதுவும் உரக்கச் சொன்னார்.

போமாவின் கேன்களில் சிவப்பு விழுந்தது. அடுத்த சந்தையிலும் விழுந்தது. தாளுக்குத் தன்மேல் பொறாமை என்று போமா எண்ணெய் வரிசை முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

ஈஸ்டருக்கு முந்தைய திங்கட்கிழமை டிரான்ஸ்பார்மர் வெடித்து எங்கள் தெருவுக்கு மின்சாரம் போனது. புனித வெள்ளிக்கு எல்லாம் மூடிவிடும் என்பதால் புதன்கிழமை சந்தைதான் பெரிய சந்தை. வடக்கே போகும் லாரிகள் அன்று மதியம் எண்ணெய் ஏற்றும். செவ்வாய்க்கிழமை அக்கா கேஸ் அடுப்பில் வெள்ளியைக் காய்ச்சித் தாள்களை ஊறவைத்துவிட்டார். காயவைக்கத்தான் வழியில்லை. மழைக்காலத் தொடக்கம், காற்றே ஈரமாக இருந்தது. வெயிலில் வைத்தால் வெள்ளி கருத்துவிடும். நான் அன்று குமாசிக்கு, கருவியின் பேட்டரி வாங்கப் போயிருந்தேன். அதனால் பிறகு நடந்தது அக்கா வாயால் நான் கேட்டதுதான், அதுவும் முதல் தடவை பெருமையாக.

எதிரே டூஃபியின் சலூன். 'கர்த்தருடைய கிருபை அழகு நிலையம்' என்று பெயர்ப்பலகை. அங்கே ஜெனரேட்டர் ஓடியது. தலையைக் கவிழ்த்து மூடுகிற பெரிய டிரையர்கள் வரிசையாக இருந்தன. அக்கா தாள்களைக் கழுவிய கண்ணாடித் தட்டில் பரப்பி, சுத்தமான துணியால் மூடி எடுத்துப் போனார். நாற்காலியில் தலையணைகளை அடுக்கி, அதன்மேல் தட்டை வைத்து, டிரையரை இறக்கிவிட்டார். ஈஸ்டர் கூட்டம். காத்திருந்த ஒரு பெண், என் முறைக்கு ஒரு காகிதம் உட்கார்ந்திருக்கிறதே என்று சண்டைக்கு வந்தாளாம்.

"அது முன்னாடியே சொல்லி வச்சுட்டு வந்துச்சு. நீ சொல்லி வச்சியா?" என்றாளாம் டூஃபி.

தாள் காயும்வரை சும்மா எதற்கு உட்காருவது என்று அக்காவும் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து தன் சுருளைப் புதுப்பித்துக்கொண்டார். தாளும் அவரும் பக்கத்துப் பக்கத்து டிரையருக்குக் கீழே. முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவி, கையுறை மாட்டி, தலைக்குத் தொப்பி போட்டுத்தான் தாள்களைச் சுற்றிவைத்தார். எல்லாவற்றையும் யோசித்தார். காற்றை மட்டும் யோசிக்கவில்லை.

புதன்கிழமை நாங்கள் மேசையை விரிப்பதற்கு முன்பே வரிசை எண்ணெய்க் கடைகளைத் தாண்டி நின்றது. வழக்கமாக முதல் தாளில் ஒரு துளி சுத்தச் சாயம் விட்டுப் பார்ப்போம். அந்தச் சாயம் இருக்கும் சின்னப் புட்டிக்குக் கள்ளன் என்று பெயர். கள்ளன் மாட்டினால்தான் தாள் வேலை செய்கிறது என்று அர்த்தம். அன்று கூட்டம் மேசையைத் தள்ளியது. கள்ளனை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்றார் அக்கா, புதுச் சுருளைத் தொப்பிக்குள் தள்ளிக்கொண்டே.

பச்சை. அடுத்ததும் பச்சை. வரிசை நகர நகரப் பச்சைதான். எண்ணெய் வியாபாரிகளின் தலைவி, சந்தை வழக்கில் ராணி, நானா பிராகோ தன் ஸ்டூலில் உட்கார்ந்து ஒவ்வொரு பச்சைக்கும் தலையசைத்தார். பண்டிகைக்கு எல்லோரும் திருந்திவிட்டார்கள் என்று யாரோ சொன்னார்கள்.

போமாவின் கேன் வந்தது. பச்சை.

போமா முகத்தில் முதலில் வந்தது மகிழ்ச்சி இல்லை. குனிந்து, அது தன் கேன்தானா என்று பார்த்தார். மூடியில் தான் கட்டிய நீலத் துணியைத் தொட்டுப்பார்த்தார். அப்புறம்தான் கைக்குட்டையைச் சுழற்றி ஆடத் தொடங்கினார். அக்காவைக் கட்டிப்பிடித்தார். ஒலிபெருக்கி வைத்திருக்கும் அறிவிப்பு நிலையத்துக்கு நேரே போய், டெச்சிமான் எண்ணெய் மொத்தமும் சுத்தம், மேடம் தீவாவின் தாளே சொல்லிவிட்டது என்று சந்தைக்கெல்லாம் கேட்கும்படி சொன்னார். எண்ணெய் ஏற்ற லாரிக்காரர்கள் பின்பலகையை இறக்கினார்கள்.

அக்கா ஆடவில்லை. என் பக்கம் சாய்ந்தார்.

"தங்கச்சி, போமா முகத்தைப் பாத்தியா? தன் எண்ணெய் பாஸானதை நம்பாத வியாபாரியை நான் இன்னிக்குத்தான் பாக்குறேன்."

கள்ளனை எடுத்தார். ஒரு தாளில் விட்டார். நான் கருவியில் வைத்தேன். சாயத்தின் மலைகள் எதுவும் எழவில்லை. சுத்தச் சாயத்துக்கே பச்சை. எதுவும் விடாத வெறும் தாள் ஒன்றை வைக்கச் சொன்னார். வைத்தேன். காலையிலிருந்து எல்லாத் தாளிலும் ஓரமாக நான் பார்த்துக்கொண்டிருந்த ஒரு மலை அதிலும் நின்றது. நாம் எதுவும் விடுவதற்கு முன்பே தாளில் ஏதோ ஏறியிருக்கிறது என்று மெதுவாகச் சொன்னேன்.

அக்கா தாளை மூக்கருகே கொண்டுபோனார். பிறகு தொப்பிக்குள்ளிருந்து ஒரு சுருளை இழுத்து அதையும் முகர்ந்தார்.

"டூஃபி" என்றார்.

சுருள் லோஷனில் கந்தகம் உண்டு. வெள்ளிக்கும் கந்தகத்துக்கும் இருக்கும் பிரியம் வேறு எதற்கும் எதனோடும் கிடையாது. சலூன் காற்றில் இருந்தது அத்தனையும், டிரையரின் சூட்டில் தாளுக்குள் ஏறிவிட்டது. "எல்லா நாற்காலியிலயும் லோஷன் உக்காந்துருக்கு. சாயம் வந்து, இடமில்லாம, நின்னுட்டுப் போயிருக்கு" என்றார் அக்கா. பிறகு ஒரு கவிழ்த்த கேன்மேல் உட்கார்ந்துவிட்டார்.

லாரிகள் போய்விட்டால் அந்த எண்ணெயைத் திருப்பிக் கொண்டுவர முடியாது. வடக்கே எத்தனை பானையில் ஏறுமோ, யார் குழந்தை சாப்பிடுமோ. நிறுத்த வேண்டுமென்றால் காரணம் சொல்ல வேண்டும். சொன்னால், இதுவரை ஒட்டிய சிவப்புகள் மட்டும் எப்படிச் சரி என்று சந்தை கேட்கும். அந்தத் தாளுக்கு அக்காவின் வார்த்தையைத் தவிர வேறு சாட்சி இருந்ததில்லை.

"மெஷின் கெட்டுப்போச்சுன்னு சொன்னா என்ன?" என்றார்.

நான் கருவியைப் பார்த்தேன். அவரும் பார்த்தார்.

"பாவம், அதுக்கு வாய் இல்ல" என்று எழுந்துகொண்டார்.

அறிவிப்பு நிலையத்தில் போமா இன்னும் பேசிக்கொண்டிருந்தார். அக்கா அவர் கையிலிருந்து மைக்கை வாங்கினார். சந்தை முழுக்க அந்தக் கட்டைக்குரல் கேட்டது.

"நான் தீவா பேசுறேன். காலையில ஒட்டின பச்சை எதையும் நம்பாதீங்க. தப்பு எண்ணெயில இருக்கா இல்லையான்னு எனக்குத் தெரியாது. மெஷின்ல தப்பு இல்ல. தப்பு என் தாள்ல. கரண்ட் இல்லைன்னு நேத்து டூஃபி சலூன்ல, டிரையருக்குக் கீழ காய வச்சேன். சுருள் லோஷன் அதுல ஏறிடுச்சு. இப்ப அதுக்கு ஒண்ணும் தெரியாது. லாரியில யாரும் ஏத்தாதீங்க." கொஞ்சம் நிறுத்தினார். "டூஃபியை யாரும் திட்டாதீங்க. முடி நல்லாத்தான் வந்துருக்கு."

தகரக் கூரையில் மழை விழுவதுபோலச் சிரிப்பு வந்தது. தக்காளி வரிசை, துணி வரிசை, லாரிக்காரர்கள் எல்லோரும் சிரித்தார்கள். அக்கா வாயிலிருந்து தெரியாது என்ற சொல் வந்ததை நான் மட்டும்தான் கவனித்தேன் போலிருக்கிறது.

போமா சிரிக்கவில்லை.

"அப்ப போன சந்தையில என் கேன்ல சிவப்பு ஒட்டினியே, அன்னிக்கு உன் தாள் எந்தச் சலூனுக்குப் போயிருந்துச்சு?"

நியாயமான கேள்விதானே என்று ஒன்றிரண்டு குரல்கள் எழுந்தன.

"அன்னிக்குக் கள்ளனைப் பிடிச்சுட்டுத்தான் மாமே உங்ககிட்ட வந்தேன். இன்னிக்குப் பிடிக்கல."

"பிடிச்சதை யார் பாத்தா?"

அக்கா என்னைப் பார்த்தார். நான் ஒருத்திதான் பார்த்தேன். நான் அதே மேசைக்காரி.

நானா பிராகோ ஸ்டூலிலிருந்து எழாமலே தீர்ப்புச் சொன்னார். புதுத் தாள் செய்ய வேண்டும், வியாபாரிகள் பார்க்கச் செய்ய வேண்டும். நாளைக் காலை கள்ளனை எல்லோர் முன்னாலும் பிடித்துக் காட்ட வேண்டும். அதுவரை ஒரு கேனும் ஏறக்கூடாது. பச்சையை ஒட்டிய கையே பச்சையைச் சுரண்ட வேண்டும். அக்கா கேன் கேனாகக் குனிந்து நகத்தால் சுரண்டினார். போமா தன் கேன்களை அணைத்துக்கொண்டு நின்றதால் அவருடையது கடைசியாக வந்தது.

மதியமே எங்கள் அறை எண்ணெய் வியாபாரிகளால் நிறைந்தது. அக்கா தன் சுருளை இரண்டு துணி போட்டு இறுக்கிக் கட்டியிருந்தார். யாரையும் கை கழுவாமல் உள்ளே விடவில்லை. போமாவை இரண்டு தடவை கழுவ அனுப்பினார். நான் என்ன மீன்கடையா என்றார் போமா. இல்லை, ஆனால் காலையில் மீன் சாப்பிட்டிருக்கிறீர்கள் என்றார் அக்கா. சாப்பிட்டிருந்தார்.

கேஸ் அடுப்பில் தண்ணீர் கொதித்தது. சிட்ரேட் சொட்டியது. எலுமிச்சை நிறம் வந்தபோது பெண்கள் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து எட்டிப்பார்த்தார்கள். மோசடி செய்கிறாளா என்று கண்காணிக்க வந்த போமாதான், "இப்ப நிறுத்து, கருகிடும்" என்று சொன்னது. கருகாது மாமே என்றார் அக்கா. ஆனாலும் நிறுத்தினார், நேரம் சரியாகத்தான் இருந்தது.

மின்சாரம் இன்னும் வராததால் காயவைக்கக் கடைசியில் கைதான் மிச்சம். எல்லோர் வீட்டிலும் இறுதிச்சடங்கில் கொடுக்கும் நினைவுமலர்கள் இருந்தன, செத்தவர் படம் போட்ட வழவழப்பான புத்தகங்கள், புழுக்கத்தில் விசிற நாங்கள் எல்லோரும் பயன்படுத்துபவை. அவற்றைக் கொண்டுவந்து தட்டைச் சுற்றி உட்கார்ந்து விசிறினார்கள். போமா கையில் செத்துப்போன ஒரு கோகோ வியாபாரியின் புத்தகம். அட்டையில் அவர் சிரித்துக்கொண்டே மேலும் கீழும் போய்வந்தார்.

"உயிரோட இருந்தப்ப இந்த மனுஷன் இவ்வளவு வேலை செஞ்சதே இல்ல" என்றார் போமா.

தன் எண்ணெயைக் காட்டிக்கொடுக்கப்போகும் தாளுக்கு அவர்தான் கை சோராமல் விசிறினார். ஏன் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. ஒருவேளை சந்தேகம் அவருக்குமே பிடிக்காமல் போயிருக்கலாம். ஒருவேளை வாங்கின இடத்தில் தன்னையும் ஏமாற்றியிருக்கிறார்களா என்று தெரிந்துகொள்ள ஆசைப்பட்டிருக்கலாம்.

வியாழக்கிழமை காலை மேசையைச் சந்தையின் நடுவில் போடச் சொன்னார் நானா பிராகோ. அக்கா கள்ளனை உயர்த்திக் காட்டி ஒரு துளி விட்டார். நான் கருவியின் திரையைக் கூட்டத்தின் பக்கம் திருப்பினேன். மலைகள் ஒவ்வொன்றாக எழுந்தன.

"கத்துது" என்றார் யாரோ.

பிறகு கேன்கள். பெரும்பாலும் பச்சை. சிவப்பு ஒரு சிலருக்கு விழுந்தது. போமாவுக்கும் விழுந்தது. திரையில் நின்ற மலைகளை வெகுநேரம் பார்த்துவிட்டு, தெற்கே தனக்கு எண்ணெய் தருபவனின் ஏழு தலைமுறையையும் பெயர் சொல்லித் திட்டினார். அதில் எவ்வளவு உண்மை என்று யாரும் விசாரிக்கவில்லை. சிவப்பு விழுந்த எண்ணெய் சோப்பு காய்ச்சுபவர்களுக்குப் போகட்டும் என்றார் நானா. "சோப்புக்கு நல்ல கலர் கிடைக்கும்" என்று போமாவே சொல்லிக்கொண்டு கேனை உருட்டினார். இருட்டுவதற்குள் லாரிகள் கிளம்பின.

அதோடு முடியவில்லை. அக்கா எங்கே போனாலும், தாளுக்குத் தலை சீவியாச்சா, தாள் இந்த வாரம் எந்த ஸ்டைல் என்று கேட்டார்கள். டூஃபி தன் பலகையில் 'அரசாங்கத் தாள்களும் இங்கே அலங்கரிக்கப்படும்' என்று எழுதப்போவதாக மிரட்டினாள். சிவப்பு விழுந்தவர்களில் ஒருத்தி இன்றும் அந்தப் பழைய சிவப்பெல்லாம் லோஷன்தான் என்று சாதிக்கிறாள். சந்தை நாட்களில் கள்ளன் மாட்டுவதைப் பார்க்காமல் யாரும் மூடியைத் திறப்பதில்லை. முதல் ஆளாக போமாதான் மேசைமேல் கையூன்றி நிற்பார். மூக்குக்கண்ணாடி வேறு வாங்கிவிட்டார். முன்பெல்லாம் என் வாயை நம்பினார்கள், இப்போது எல்லோருக்கும் கண் வந்துவிட்டது என்று அக்கா முணுமுணுப்பார். அவருக்கு அது கொஞ்சம் வலித்தது. வலியைக் காட்டாமல் இருக்க இன்னும் உரக்கப் பேசினார்.

அந்த ஈஸ்டருக்குத் தேவாலயத்தில் தலைத்துணியோடு பாடினார். மறுவாரம் சுருளை வெட்டிவிட்டு, லோஷன் வேண்டாத சாதாரணப் பின்னலுக்கு வந்துவிட்டார். யாரும் வெட்டச் சொல்லவில்லை. சூட்டடுப்பின் கண்ணாடியில் முகம் பார்ப்பதையும் விட்டுவிட்டார். ஒருநாள் நான் அந்தக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, அதை ஏன் அவ்வளவு பளபளப்பாக்குகிறாய், உள்ளே இருப்பது அடுப்புதானே என்றார்.

மறு ஆண்டு ஈஸ்டர் நெருங்கியபோது ஒரு காலையில் வாசற்படியிலேயே நின்றார். என்றும் கதவைத் தள்ளிக்கொண்டு வருபவர். தாள் செய்யும் வாரம் அது. கையில் பையைச் சுருட்டிக்கொண்டு, என்னிடம் ஒன்று கேட்கலாமா என்றார். அனுமதி கேட்டு அவர் பேசியதை அன்றுதான் கேட்டேன்.

"தங்கச்சி, இந்தச் சந்தைக்குத் தாளை நீ பண்ணு. முழுசா, ஒருத்தியா. நான் மறுபடி சுருள் போட்டுக்க டூஃபிகிட்ட சொல்லி வச்சுட்டேன், லோஷன் வாசத்தோட ரெண்டு நாள் இந்தப் பக்கமே வரமாட்டேன், ஜன்னல்ல கூட எட்டிப் பாக்க மாட்டேன். சந்தையில மேசைக்கு அந்தப் பக்கம், வாங்குறவங்களோட நிப்பேன். கள்ளன் மாட்டினா நீ தலையாட்டினா போதும், மத்ததை போமா கத்திக்குவாங்க. மாட்டலைன்னா மட்டும், என் முகத்தைப் பாத்துக்கிட்டு நிக்காத. நேராப் போய் மைக்கைப் பிடி."